‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ என்ற ஆங்கில மரபுத்தொடர்: எந்தக் கொக்கி, எதற்கான கொக்கி?

வகுப்பறைவாசி:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ (on tenterhooks) என்ற மரபுத்தொடரைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். பொருளில் எனக்குக் குழப்பம் இல்லை. தேர்வு முடிவு எந்த நேரத்திலும் வெளியாகலாம் என்ற நிலையில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒருவர் தவித்துக்கொண்டிருந்தால், அவர் ‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ ஆக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒருவரை வேண்டுமென்றே அப்படித் தவிக்க விட்டால், ‘கீப் சம்வன் ஆன் டென்டர்ஹூக்ஸ்’ என்பார்கள்.

அது என்ன கொக்கி என்று மாணவர்கள் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. என்னிடமுள்ள துணைநூல்களில் ஒன்று, இறைச்சிக் கடையில் ஆட்டைத் தொங்கவிடும் கொக்கி என்கிறது. மற்றொன்று சொல்லையே ‘டெண்டர் ஹூக்ஸ்’ (tender hooks) என்று அச்சிட்டுவிட்டு, ‘மென்மையான கொக்கிகள்’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. மென்மையான கொக்கியாக இருந்தால் எதற்குப் பதற வேண்டும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அவளுக்குச் சரியான விடையைச் சொல்ல விரும்புகிறேன்.

பழஞ்சுவடி:

வணக்கம் ஐயா. இரண்டு துணைநூல்களையும் ஓரமாக வைத்துவிடலாம். அந்தக் கொக்கி இறைச்சிக் கடையைச் சேர்ந்ததன்று. கம்பளித் துணி நெய்த ஊர்களின் திறந்த வெளிகளைச் சேர்ந்தது. ‘டென்டர்’ என்பது ஈரத் துணியை இழுத்துக் கட்டிக் காயவைக்கும் மரச்சட்டகத்தின் பெயர். அதில் வரிசையாக அடித்திருந்த கொக்கிகளே டென்டர்ஹூக்குகள். நீட்டுதல், இழுத்துப் பிடித்தல் என்ற பொருளுடைய ‘டென்டெரே’ என்ற இலத்தீன் வினைச்சொல்லே இதற்கு வேர். கூடாரத்தைக் குறிக்கும் ‘டென்ட்’, விறைப்பையும் மன இறுக்கத்தையும் குறிக்கும் ‘டென்ஷன்’ ஆகியவையும் அந்த வேரிலிருந்து வந்தவையே.

அந்தச் சட்டகம் ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால்தான் தொடர் விளங்கும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி உடனே உடுத்தத் தக்கதாக இருப்பதில்லை. நூற்பதற்கு முன் தடவிய எண்ணெயும் அழுக்கும் அதில் இருக்கும்; இழைகளுக்கிடையே கண்கள் தெரியும். ஆகவே அதைத் தண்ணீரில் நனைத்து, களிமண் போன்ற ஒருவகை மண்ணையும் புளித்த சிறுநீரையும் சேர்த்து, தொட்டியில் இட்டுக் காலால் மிதிப்பார்கள். 12ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் இந்த வேலையை ஆற்றுநீரால் இயங்கும் ஆலைகளின் மரச்சம்மட்டிகள் செய்யத் தொடங்கின. ஆங்கிலேயர்களிடையே காணப்படும் ஃபுல்லர், வாக்கர், டக்கர் ஆகிய மூன்று குடும்பப் பெயர்களும் இத்தொழிலைச் செய்தவர்களுக்கு வட்டாரத்துக்கு ஒன்றாக வழங்கியவை. வாக்கர் என்பவர் துணியின் மேல் நடந்தவர்.

இப்படி மிதிபட்ட கம்பளி, இழையோடு இழை பின்னி இறுகி, தடித்து, அகலத்திலும் நீளத்திலும் வெகுவாகச் சுருங்கிவிடும். அலசி எடுத்த ஈரத் துணியை அப்படியே கொடியில் போட்டால், ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சுருங்கி, கரை நெளிந்து காய்ந்துபோகும். விலைக்குப் போகாது. அதனால் அதை உடனடியாகச் சட்டகத்தில் ஏற்றினார்கள். நிலத்தில் வரிசையாகத் தூண்களை நட்டு, மேலே ஒரு குறுக்குமரத்தை அசையாமல் பொருத்துவார்கள். கீழே உள்ள குறுக்குமரம் தூண்களின் காடிகளில் ஏறி இறங்கும்படி இருக்கும். இரண்டு மரங்களிலும், சில அங்குல இடைவெளிகளில், எல் வடிவில் வளைத்த ஆணிகளை அடித்திருப்பார்கள். மேல்மர ஆணிகளின் முனை வானத்தை நோக்கியும், கீழ்மர ஆணிகளின் முனை தரையை நோக்கியும் இருக்கும். துணியின் ஒரு கரையை மேல் ஆணிகளிலும் மறு கரையைக் கீழ் ஆணிகளிலும் கையாலேயே குத்தி மாட்டிக்கொண்டே போவார்கள். இருபது கெஜத்துக்கு மேல் நீளமான துணி என்றால் எத்தனை ஆணிகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கீழ்மரத்தை அழுத்தி இறக்கி முளையடித்து நிறுத்திவிட்டால், துணி முரசுத் தோல் போல விறைத்து நிற்கும். வெயிலும் காற்றும் தம் வேலையை முடிக்கும் வரை அது அங்கிருந்து அசைய முடியாது.

மனிதரின் மனநிலைக்கு இந்தக் காட்சி எவ்வளவு பொருத்தமானது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கொக்கி குத்துவது முதன்மையன்று. இரு பக்கமும் இழுபட்டு, காயும் வரை காத்திருப்பதுதான் முதன்மை.

கோட்டைமதில்:

பழஞ்சுவடி அவர்களின் விளக்கம் நன்று. இருப்பினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். மனிதரை வைத்து இழுக்கும் ‘ரேக்’ என்ற கருவி ஒன்று லண்டன் கோட்டைச் சிறையில் இருந்தது வரலாறு. கைகளை ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் கட்டி, உருளையைத் திருகி இழுப்பார்கள். ‘ஆன் தி ரேக்’ என்ற தொடர் அதிலிருந்து வந்து, பெருந்துன்பத்தைக் குறிக்கிறது. டென்டர்ஹூக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சித்திரவதைச் சொல்லாக ஏன் இருக்கக் கூடாது? துணி காய்வதைப் பார்த்து எவருக்கும் வயிற்றில் புளி கரைந்திருக்காது அல்லவா?

பழஞ்சுவடி:

நண்பர் கோட்டைமதில் கேட்டது வீண் கேள்வியன்று. அதில் ஒரு பாதி உண்மையும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில், குறிப்பாக டெவன் பகுதியில், துணி நீட்டும் இதே சட்டகத்துக்கு ‘ரேக்’ என்றே பெயர். எக்ஸெட்டர் நகரில் ரேக் ஸ்ட்ரீட் என்ற தெரு இன்றும் இருக்கிறது. ஆக, ரேக் என்ற ஒரே சொல் துணியை இழுத்த சட்டகத்துக்கும் மனிதரை இழுத்த கருவிக்கும் வழங்கியது. இரண்டும் செய்தது இழுக்கும் வேலையே. ஆனால் ‘டென்டர்’ என்ற சொல் துணித்தொழிலுக்கு உரியது. அந்தப் பெயரில் ஒரு சிறைக் கருவி இருந்ததற்குச் சான்று காட்டாமல், ஓசையையும் உருவத்தையும் மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பொருளிலும் வேறுபாடு உண்டு. ‘ஆன் தி ரேக்’ என்பவர் துன்பத்தை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருப்பவர். ‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ என்பவருக்கு இன்னும் எதுவும் நேரவில்லை. நேரப்போவது நன்மையா தீமையா என்பதும் தெரியவில்லை.

கோட்டைமதில்:

சான்று இல்லாமல் வலியுறுத்த மாட்டேன். ஆனாலும், 16ஆம் நூற்றாண்டில் அச்சொல்லைப் பயன்படுத்திய ஒருவருடைய மனத்தில், துணிச்சட்டகத்தைப் பார்க்கும்போது அந்த மற்றொரு கருவியின் நினைவு சிறிதும் வந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. இதை ஊகமாகவே விட்டுவிடுகிறேன்.

மேகலை_வாசகி:

இத்தொடர் எழுத்தில் எப்படி வளர்ந்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். முதலில் கொக்கியே இல்லை. 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளில், மனம் இழுபடும் நிலையைக் குறிக்க ‘ஆன் தி டென்டர்ஸ்’ என்று சட்டகத்தின் பெயரையே சொன்னார்கள். ஆணியைக் குறிக்கும் ‘டென்டர்ஹூக்’ என்ற கூட்டுச்சொல் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புழக்கத்தில் இருந்தது. ஆனால் அது வெறும் இரும்பு ஆணியாகவே இருந்தது.

இன்றைய வடிவத்துக்கு எல்லோரும் காட்டும் பழைய சான்று, டோபையஸ் ஸ்மாலெட் 1748இல் வெளியிட்ட ‘ரோடரிக் ராண்டம்’ என்ற புதினம். அதில் கதைசொல்லி, ஒருவனைப் ‘பொறுமையற்ற ஐயப்பாட்டின் டென்டர்ஹூக்குகளின் மேல்’ விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறான். இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். கொக்கிகள் எவற்றுக்கு உரியவை என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. ஐயப்பாடுதான் சட்டகம்; மனிதன்தான் துணி. காலப்போக்கில் ‘ஐயப்பாட்டின்’ என்ற பகுதி தேய்ந்து மறைந்து, வெறும் கொக்கிகள் மட்டுமே எஞ்சின. படிப்பவருக்கு அந்த உருவகம் அவ்வளவு பழகிப்போய்விட்டது என்பதே அதற்குக் காரணம் என நினைக்கிறேன்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் துணி உலர்த்தும் வேலை ஆலைக்குள் போய், இயந்திரத்தின் கைக்கு வந்தது. திறந்தவெளிச் சட்டகங்கள் மறைந்தன. டென்டர் என்ற சொல்லைப் பொதுமக்கள் மறந்தார்கள். தொடர் மட்டும் வாயில் தங்கிவிட்டது. பொருள் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எந்த மொழியிலும் நடப்பதுதான். அப்படி ஆங்கிலம் பேசுபவர்களே ‘டெண்டர் ஹூக்ஸ்’ என்று எழுதத் தொடங்கினார்கள். வகுப்பறைவாசி அவர்களின் துணைநூல் ஆசிரியர் அந்தப் பிழையைக் கடன் வாங்கியதோடு நில்லாமல், அதற்குப் பதவுரையும் எழுதிவிட்டார்.

பின்னலாடைக்காரன்:

ஆங்கில இலக்கியம் எனக்குத் தெரியாது. திருப்பூரில் துணி ஃபினிஷிங் வேலையில் இருக்கிறேன். பழஞ்சுவடி ஐயா எழுதிய சட்டகத்தைப் படித்ததும் எங்கள் ஸ்டென்டர் இயந்திரம்தான் கண்முன் வந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்பதால் இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

சாயமிட்டு வந்த பின்னல் துணி குழாய் வடிவில் இருக்கும். அதை நீளவாக்கில் அறுத்து விரித்து, ஈரப்பதத்தோடு ஸ்டென்டரின் வாயில் கொடுப்போம். இருபுறமும் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் சங்கிலிகள் இருக்கும். அந்தச் சங்கிலிகளில் சீப்பின் பற்களைப் போல வரிசையாக ஊசிகள் நிற்கும். துணியின் கரையை ஒரு பிரஷ் உருளை அந்த ஊசிகளில் அழுத்திக் குத்திவிடும். ஊசி வைத்ததைப் பின் ஸ்டென்டர் என்றும், கரையைக் கவ்விப் பிடிப்பதைக் கிளிப் ஸ்டென்டர் என்றும் சொல்வோம். பின்னல் துணிக்கு ஊசியே ஏற்றது. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக வெப்ப அறைகள் உண்டு. அவற்றை நாங்கள் சேம்பர் என்கிறோம். சங்கிலிகளுக்கு இடையிலான அகலத்தை எந்த அளவுக்கு வைக்கிறோமோ, அந்த அகலத்தில் துணி காய்ந்து வெளியே வரும். கரையில் ஊசித் துளைகள் ஒரு கோடாகத் தெரியும். வெட்டும்போது அந்தப் பகுதியை நீக்கிவிடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. அகலத்தைக் கூட்டி இழுத்தால் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை, குறையும். அதே எடைக்கு அதிக ஆடைகள் வெட்டலாம். பார்ப்பதற்கு இலாபம். ஆனால் வலிந்து இழுத்த துணி தண்ணீரைக் கண்டதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வாங்கியவர் வீட்டில் ஒருமுறை துவைத்தவுடன் சட்டை குட்டையாகிப்போகும். ஆகவே, ஓவர்ஃபீட் என்ற முறையில், சங்கிலி செல்லும் வேகத்தைவிடச் சற்று அதிகமாகத் துணியை உள்ளே கொடுத்து, நீளவாக்கில் தளர்வு விடுவோம். அதன்பின் துணியை நீளவாக்கில் நெருக்கும் காம்பாக்டர் இயந்திரத்தில் விட்டு, ஷ்ரிங்கேஜை, அதாவது துவைத்தால் சுருங்கும் அளவை, கட்டுக்குள் கொண்டுவருவோம். சோதனைத் துண்டைத் துவைத்து அளந்து, ஆய்வகத்திலிருந்து ‘சரி’ என்ற சொல் வரும் வரை அந்த லாட் முழுவதும் அப்படியே காத்திருக்கும். அந்த நேரத்தில் எங்கள் சூபர்வைசரின் முகத்தைப் பார்த்தால் இத்தொடரின் பொருள் மாணவர்களுக்கு எளிதில் விளங்கிவிடும்.

ஸ்டென்டர், டென்டர் என்ற இரண்டு பெயர்களுக்கும் தொடர்பு உண்டா?

பழஞ்சுவடி:

உண்டு, தம்பி. ஆனால் நேர்வழியில் அன்று, சற்றுச் சுற்றுவழியில். ஸ்காட்லாந்துப் பேச்சுமொழியில் ‘ஸ்டென்ட்’ என்ற வினை, நீட்டி இழுத்துக் கட்டுவதைக் குறிக்கும். அதிலிருந்து ஸ்டென்டர் வந்தது. அந்த ஸ்டென்ட், ‘எக்ஸ்டெண்ட்’ என்ற சொல்லின் குறுக்கமாக இருக்கக்கூடும் என்பதே அகராதிகளின் கருத்து. அப்படியானால் வேர் மீண்டும் இலத்தீன் டென்டெரேதான். அமெரிக்காவில் இதே இயந்திரத்தை இன்றும் ‘டென்டர் ஃப்ரேம்’ என்கிறார்கள். ஆக, ஆங்கிலேயர் பலருக்கே பொருள் மறந்துபோன சொல்லின் உறவினர் ஒருவர், திருப்பூரில் நாள்தோறும் மூன்று ஷிஃப்டும் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

நாடித்துடிப்பு:

குறுக்கே ஒரு கேள்வி. இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டும் இதே சொல்தானா? அதுவும் விரித்துப் பிடிக்கும் வேலையைத்தானே செய்கிறது?

மேகலை_வாசகி:

அது வேறு. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் என்பவர், பல் அச்செடுக்கும் கலவை ஒன்றை உருவாக்கினார். அவருடைய பெயர் அந்தக் கலவைக்கும், பின்னர் உடலின் உள்ளே தாங்கலாக வைக்கும் கருவிக்கும் வந்து சேர்ந்தது. வேலை ஒன்றுபோல இருப்பது தற்செயல்.

பழஞ்சுவடி:

பின்னலாடைக்காரன் எழுதியதில், வலிந்து இழுத்த துணி துவைத்தவுடன் குட்டையாகும் என்ற செய்தி இருக்கிறதே, அது இந்த மரபுத்தொடரின் வரலாற்றில் ஒரு பெரிய அதிகாரத்தைத் திறந்துவிடுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியது.

துணியை அளவுக்கு மேல் நீட்டி, கெஜக்கணக்கில் விற்றுவிடுவது அன்றைய நெசவுத்தொழிலில் பெருகிய ஏமாற்று. ஐரோப்பியச் சந்தைகளில் வாங்கியவர்கள் நனைத்துப் பார்த்தபோது துணி சுருங்கியது; ஆங்கிலக் கம்பளியின் நற்பெயரும் அதனுடன் சுருங்கியது. அந்தக் காலத்தில் நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு கம்பளித் துணிதான் என்பதால், அரசு அதைச் சில்லறைக் குற்றமாகக் கருதவில்லை. அதிகாரிகள் துணியை அளந்து பார்த்து ஈய முத்திரை குத்தும் வழக்கம் இருந்தது. எலிசபெத் அரசியின் காலத்தில், 1597இல், வட இங்கிலாந்துத் துணிகளை ஏமாற்றும் நோக்கத்தோடு நீட்டுவதற்கும் டென்டரில் இழுப்பதற்கும் எதிராகத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆக, டென்டர் என்ற சொல்லைக் கேட்ட அக்காலத்து மனிதருக்கு விறைப்பு மட்டுமன்று, ‘அளவுக்கு மீறிய இழுப்பு’ என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்திருக்கும். மனத்தைப் பற்றிப் பேச அச்சொல் ஏன் அவ்வளவு எளிதாகக் கைகொடுத்தது என்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறேன்.

மற்றொரு பக்கமும் உண்டு. துணியை நாள்கணக்கில் திறந்தவெளியில் விட்டால் திருடர் வருவார்கள். யார்க்ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸ் கம்பளிக்குப் பெயர்போன ஊர். பதின்மூன்றரை பென்ஸ் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடியவர் பிடிபட்டால், அவ்வூரில் தலையை வெட்டிவிடலாம் என்ற உள்ளூர் வழக்கம் இருந்தது. அதற்கென உயரமான மரச்சட்டகத்தில் கனத்த கோடரி அலகைப் பொருத்திய ஒரு பொறியும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் பேர்பெற்ற கில்லட்டினுக்கு நெடுங்காலம் முந்தையது அது. கடைசியாக 1650இல் இருவர் அதில் மாண்டார்கள். அவர்கள் திருடியவற்றில் கெர்சி என்ற முரட்டுக் கம்பளித் துணி செம்பழுப்பு நிறத்தில் 16 கெஜமும் இரண்டு குதிரைகளும் அடங்கும். அந்தப் பொறியின் மாதிரி ஒன்று ஹாலிஃபாக்ஸின் கிப்பெட் ஸ்ட்ரீட்டில் இன்றும் நிற்கிறது. பின்னர் 1670இல், உலர்த்தும் சட்டகத்திலிருந்து துணி திருடுபவர்களுக்கு, எழுத்தறிவைக் காட்டி மரண தண்டனையிலிருந்து தப்பும் பழைய சலுகை நாடு முழுவதற்கும் சட்டப்படி நீக்கப்பட்டது.

கோட்டைமதில் நண்பர், ‘துணி காய்வதைப் பார்த்து எவருக்கும் வயிற்றில் புளி கரைந்திருக்காது’ என்று எழுதியிருந்தார். தம் மூலதனம் முழுவதையும் ஒற்றைத் துணியில் போட்டு, அதை இரவு முழுவதும் மலைச்சரிவில் விட்டுவைத்த நெசவாளருக்கு நன்றாகவே கரைந்திருக்கும்.

கோட்டைமதில்:

இதை ஒப்புக்கொள்கிறேன். நான் தேடிய கொடுங்கருவி, தலைவெட்டும் பொறியின் உருவிலாவது கடைசியில் எப்படியோ இழைக்குள் வந்துவிட்டதும் மகிழ்ச்சியே.

வடமராட்சி_வாசகர்:

அனைவருடைய பதிவுகளையும் ஆர்வத்துடன் வாசித்தேன். இந்தச் சட்டகங்கள் நின்ற இடங்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன என்பதையும் குறிப்பிடலாம். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் டென்டர் கிரவுண்ட் என்றே ஒரு வீதி உண்டு. அங்கிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில், ஆல்ட்கேட் பக்கமாக, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு டென்டர் வீதிகள் ஒரு சதுரத்தைச் சுற்றி அமைந்துள்ளன. என் உறவினர் ஒருவர் அந்தப் பக்கத்தில் பல காலம் வேலைக்குப் போய்வந்தவர். வீதிப் பெயர்ப்பலகையை ஏதோ ஒப்பந்தப்புள்ளி சம்பந்தப்பட்டது என்றே எண்ணியிருந்தாராம். நார்தம்பர்லாந்தில் உள்ள ஒட்டர்பர்ன் ஆலையின் வெளியே பழைய சட்டகங்களை இப்போதும் பார்க்கலாம்.

ஆங்கில நாவலாசிரியர் டேனியல் டிஃபோ பிரித்தானியத் தீவு முழுவதும் சுற்றிப் பார்த்து, 1724 முதல் மூன்று தொகுதிகளாக எழுதிய பயண நூலில், பழஞ்சுவடி அவர்கள் குறிப்பிட்ட அதே ஹாலிஃபாக்ஸ் மலைச்சரிவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டென்டர் இருந்ததாகவும், ஏறக்குறைய ஒவ்வொரு டென்டரிலும் ஒரு துணி விரிந்திருந்ததாகவும், அந்த வெண்மை சூரியனின் ஒளியைத் திருப்பியடித்ததாகவும் அவர் வருணிக்கிறார். இது ஸ்மாலெட்டின் புதினத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சி. ஆகவே 1748இல் அந்த வாக்கியத்தை வாசித்தவர்களுக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பயன்பாட்டைப் பற்றி ஒரு வினா. ‘ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்ற தொடரையும் இதே பொருளில் கையாளுகிறார்கள். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவருக்கு இரண்டில் எது பொருந்தும்?

மேகலை_வாசகி:

இரண்டுமே பொருந்தும், ஆனால் பிறந்த இடம் வேறு. கால் மரத்துப்போய் மீண்டும் உணர்ச்சி திரும்பும்போது ஊசி குத்துவது போல உறுத்துமே, அதற்குப் பெயர் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’. அதிலிருந்து வந்த தொடர் உடல் அமைதியற்றுத் துடிப்பதை முன்னிறுத்துகிறது. அமெரிக்கர்களிடம் இது சற்று அதிகமாக வழங்குகிறது. டென்டர்ஹூக்கில் முன்னிற்பது முடிவு தெரியாத நிலை. ஆகவே மருத்துவமனையில் அறுவை அரங்கின் கதவு திறப்பதற்காகக் காத்திருப்பவரைப் பற்றி எழுதும்போது நான் இதைத்தான் எழுதுவேன்.

வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகச் சொல்லும் ஆங்கிலத் தொடரை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அது மேடையேறப் போகிறவருக்கு வரும் படபடப்பு. அவர் செய்ய வேண்டிய செயல் ஒன்று இருக்கிறது. டென்டர்ஹூக்கில் இருப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்வது முழுவதும் வேறொருவரோ காலமோதான்.

வடமராட்சி_வாசகர்:

அப்படியாயின், துப்பறியும் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருப்பதையும் இத்தொடரால் குறிப்பது எப்படி? அங்கே வாசகர் துன்பப்படுவதில்லையே. விரும்பித்தானே காத்திருக்கிறார்?

மேகலை_வாசகி:

நல்ல கேள்வி. அதுவும் வழக்கில் உண்டு. விமர்சகர்கள் ஒரு கதையைப் பாராட்டும்போதே ‘நம்மைக் கடைசிப் பக்கம் வரை டென்டர்ஹூக்கில் வைத்திருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். துன்பமா இன்பமா என்பதை இத்தொடர் முடிவு செய்வதில்லை. முடிவு இன்னும் வரவில்லை, அதுவரை இழுப்புத் தளரவில்லை என்ற இரண்டும் இருந்தால் போதும். முடிவு தெரிந்துவிட்ட பிறகு இத்தொடருக்கு அங்கே இடமில்லை. தோல்வி உறுதியானபின் வருந்துபவரை ‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ என்றால் அது பிழை.

வகுப்பறைவாசி:

அனைவருக்கும் நன்றி. இழையில் வந்த செய்திகளை வகுப்பில் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஹாலிஃபாக்ஸ் கதையைக் கேட்டபின் பையன்கள் கொக்கியை மறந்து கோடரியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக்கதை. மூன்று வாக்கியங்களில் எனக்கு ஐயம் இருக்கிறது. பொருளைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது: ‘கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர் முழுவதும் நாங்கள் டென்டர்ஹூக்கில் இருந்தோம்.’ இரண்டாவது: ‘பாம்பைக் கண்டதும் நான் டென்டர்ஹூக்கில் ஆனேன்.’ மூன்றாவது: ‘கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று தெரியாமல் அப்பா என்னைவிட அதிகமாக டென்டர்ஹூக்கில் இருந்தார்.’

மேகலை_வாசகி:

முதலாவதும் மூன்றாவதும் சரி. மூன்றாவது மிக நன்று. எழுதியவரைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள். இரண்டாவது பொருந்தாது, ஏனெனில் பாம்பைக் கண்டவருக்கு வருவது திடீர் அச்சம். அதில் காத்திருப்பு இல்லை. பாம்பு வீட்டுக்குள் நுழைந்து எங்கோ மறைந்துகொண்டது, பிடிப்பவர் இன்னும் வந்து சேரவில்லை என்று அந்த மாணவர் மாற்றி எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

பழஞ்சுவடி:

எழுத்துப்பிழையைப் பற்றியும் ஒரு சொல். தேர்வில் ‘டென்டர்’ என்பதன் கடைசிக்கு முந்தைய மெய்யை T-க்குப் பதிலாக D என்ற எழுத்தால் எழுதிவிட்டால் மதிப்பெண் போய்விடும். ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்துத்தான் வர வேண்டும், நான்காம் எழுத்தன்று. ‘டென்ஷன்’ எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்து என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்களுக்கு மறக்காது. துணைநூலின் அந்தப் பக்கத்தைத் திருத்தும்படி பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஐயா. அடுத்த பதிப்பிலாவது சரியாக வரட்டும்.